ஹேகபெய்ன்டம் ஊர் வரலாற்றுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்கூட்டம் மார்ச்சில் நடந்தது. செப்டம்பரில், பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நினைவுச்சின்ன நாளன்று, தேவாலயத்தைப் பார்வைக்குத் திறந்து வைத்தோம். கோடைச் சொற்பொழிவு மழையால் நடக்கவில்லை.

நம் ஊர் மேட்டில் கிடைக்கும் பழைய பானை ஓடுகளுக்கு எண்ணிடும் வேலை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஏன் இத்தனை நேரம் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நெதர்லாந்தில் உயரங்களை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டத்துக்கு மேல் 8.8 மீட்டர் உயரும் நம் மேடு, நாட்டின் டெர்ப் எனப்படும் செயற்கைக் குடியிருப்பு மேடுகளிலேயே உயரமானது. கடல்நீருக்கு அஞ்சிய மக்கள் களிமண்ணும் சாணமும் வீட்டுக் குப்பையும் கொட்டிக் கொட்டி உயர்த்தியது. அதனாலேயே மண் நல்ல உரமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மண்ணை வெட்டி விற்றுவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கும் பகுதியும் சில வீடுகளும்தான் மிஞ்சின. எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லை. தோட்டத்திலும் அகழெலி கிளறிய மண்ணிலும் கிடைப்பதை அட்டைப்பெட்டியில் போட்டு மறந்தால், நாமும் அந்தத் தவறையே செய்கிறோம்.

ஓட்டைக் குளிர்ந்த நீரில் மென்மையான பல்துலக்கியால் கழுவ வேண்டும். கையால் வனைந்து குறைந்த சூட்டில் சுட்ட பழைய ஓட்டை ஊறவிட்டால் கரையும். உடைந்த விளிம்பைத் தேய்த்தால் துண்டுகள் பிறகு பொருந்தாது. உள்ளே கரி ஒட்டியிருந்தால் கழுவவே கூடாது, அது சமைத்த உணவின் எச்சமாக இருக்கலாம். நிழலில் செய்தித்தாள்மேல் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். உட்புறத்தில் பாராலாய்டு பி-72 என்னும் நிறமற்ற பிசின் பூசி, அது காய்ந்தபின் இந்திய மை எனப்படும் கறுப்பு மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. பூச்சில்லாமல் எழுதினால் ஓடு மையை உறிஞ்சிக்கொள்ளும். பதிவேட்டில் தோட்டம், ஆழம், தேதி மூன்றும் இருந்தால்தான் ஓட்டுக்கு மதிப்பு.

கழுவும் மேசைக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. சந்தாவும் அப்படியே: நினைவூட்டல் கடிதம் இருமுறை போயும் பாக்கி நிற்கிறது. முன்பெல்லாம் கேட்காமலே கட்டியவர்களும் இப்போது மௌனமாக இருப்பது வருத்தமளிக்கிறது.

வரவு செலவு ஏறத்தாழச் சமன். சேமிப்பில் சிறிது கை வைத்தோம். விவரம் பொருளாளரிடம் உண்டு.

தணிக்கையாளர்களுக்கும், தேவாலயத்தைக் காட்டிய வழிகாட்டிகளுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அமிலமற்ற பெட்டிகளும் பூச்சும் வாங்க வேண்டும். அக்டோபர் முதல் சனிக்கிழமைகளில் மேசை போடப்படும். எண்ணிடத் தெரிந்த கைகள் மிகக் குறைவு. இன்னும் இருவராவது கற்றுக்கொள்ளாவிட்டால் பதிவேட்டைத் தொடர இயலாது. சந்தா பாக்கியை அன்று நேரிலும் கட்டலாம்.

— செயலாளர்