ஏற்காட்டுச் சரிவுகளில் கேரவனை நிறுத்துவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவருகிறேன். சென்ற மாதம் ஒரு குடும்பத்தினர், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, காருக்குப் பின்னால் இரட்டை அச்சுக் கேரவன் ஒன்றை (பக்கத்திற்கு இரண்டு சக்கரங்கள் அடுத்தடுத்து அமைந்த, தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) இழுத்து வந்தனர். எங்கள் வாசல் சரிவில் கொக்கியைக் கழற்றிய மறுகணமே அது பின்னோக்கி உருண்டு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. அந்த மரத்திற்குக் கீழேதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் முற்றம் இருக்கிறது.

அவர்கள் அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே இறுக்கும் இரும்புப் பூட்டே போதும் என நம்பிவிட்டனர். அந்தப் பூட்டு வண்டி ஆடாமல் இருக்க உதவுமே தவிர, முட்டுக்கட்டைக்கு ஈடாகாது. மூலைகளில் இறக்கும் ஜாக்கிக் கால்களும் அப்படித்தான். 6 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் இரண்டரை டன் வண்டியை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமான விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். காரின் மின்சாரத்தால் இயங்கும் பிரேக் கொண்ட பல கேரவன்களில் கைப்பிரேக்கே கிடையாது.

மலைப்பாதையில் லாரி நின்றால், கிளீனர் இறங்கிக் கட்டை வைத்த பிறகே ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். கேரவனுக்கும் அந்த வழக்கமே பொருந்தும். நான்கு சக்கரங்களுக்கும் பள்ளப் பக்கம் முட்டுக்கட்டை வைத்து, காரை மெல்லத் தளர்த்தி, வண்டியின் பாரம் முழுவதும் கட்டைகளின் மேல் இறங்கி நிற்பதைப் பார்த்த பின்னரே கொக்கியைக் கழற்ற வேண்டும். அந்நேரத்தில் வண்டிக்குப் பள்ளப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மழையில் பாசி படிந்த சிமெண்டுத் தரையில் கட்டையே வழுக்கும் என்பதால், அடியில் ரப்பர் பதித்த அகலமான கட்டைகளே நல்லவை.

எங்களைப் போல் அறை வாடகைக்கு விடுவோர் வாசலில் நான்கு கட்டைகளையாவது வைத்திருக்க வேண்டும். இரவு முழுவதும் கேரவனைக் கழற்றி நிறுத்தச் சமதளமான இடம் ஒன்றை, மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன் உள்ளூர் நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.