கிணற்றில் குடித்தது யார் என்று சொல்லிவிடுங்கள்

கற்பனை உலக விளையாட்டுகளைப் பாகம் பாகமாக வெளியிடும் நிறுவனங்களின் கதைப் பிரிவினருக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' ஆறாம் பாகத்தை 2018 ஜூனில் அறிவித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத காட்சி. மலை, மேகம், பெயர், அவ்வளவுதான். ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அன்று பிறந்த பிள்ளைக்கு இப்போது மீசை அரும்பும் வயது. தாமதத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நல்ல வேலைக்கு நாள் பிடிக்கும். வருடங்கள் ஓட ஓட, போன பாகத்தில் ஆடியவர் எடுத்த முடிவுகளை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லாமல் விடுவதுதான் எங்கள் வருத்தம். அடுத்த பாகம் விற்பனைக்கு வருமுன், எது நிற்கிறது, எது போயிற்று என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். கேட்பது இதைத்தான்.

'டிராகன் ஏஜ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த இன்க்விசிஷனில் மித்தல் என்ற தெய்வத்தின் கோயிலுக்குள் ஒரு துயரக் கிணறு இருக்கும். அதில் குடிப்பவருக்குப் எல்ஃப் என்ற கற்பனை இனத்து முன்னோரின் அறிவு வந்துசேரும். பதிலுக்கு ஆயுள் முழுக்க மித்தல் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். கூட வரும் சூனியக்காரி மோரிகனைக் குடிக்க விடலாம், நாமே குடிக்கலாம். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வைக்கிற இடம் அது. பத்து வருடம் கழித்து 2024-இல் அடுத்த பாகமான வெயில்கார்டு வந்தது. கதைக்குள்ளும் பத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் கடந்திருந்தன: அந்த உலகின் நாட்காட்டியில் டிராகன் யுகம் 9:41-இலிருந்து 9:52. தொடக்கத்தில் பழைய ஆட்டத்தைப் பற்றி மூன்று கேள்விகள். யாரைக் காதலித்தீர்கள், நீங்கள் தலைமை தாங்கிய இன்க்விசிஷன் அமைப்பைக் கலைத்தீர்களா, பழைய தோழன் சோலாஸைத் தடுப்பதாகச் சொன்னீர்களா அல்லது திருத்துவதாகச் சொன்னீர்களா. கிணற்றைப் பற்றிக் கேள்வியே இல்லை. குடித்திருக்கக்கூடிய இருவரும் புதிய ஆட்டத்தில் வருகிறார்கள். மித்தலும் கதையில் இருக்கிறாள். குடித்தது யார் என்பது மட்டும் காற்றோடு போயிற்று. 'கீப்' என்று ஓர் இணையதளமே வைத்து, முந்தைய பாகங்களில் நாங்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பதிய வைத்தார்களே, அந்தப் பதிவெல்லாம் எதற்காக?

ஏன் இப்படி ஆகிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஆம், இல்லை என்று பத்து முடிவுகள் இருந்தாலே 1,024 உலகங்கள் உண்டாகும். அத்தனைக்கும் தனித்தனி வசனம் எழுதிக் குரல் கொடுக்க யாராலும் முடியாது. பத்து வருடத்தில் கன்சோல் தலைமுறையே மாறிவிடும், பழைய சேவ் ஃபைலை (ஆட்டத்தைச் சேமித்த கோப்பை) புதியது படிக்காமல் போகலாம். முதல் பாகத்தை எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். புதிதாக வருகிறவருக்குப் பழங்கதை சுமையாகவும் கூடாது. அதனால் எல்லா முடிவுகளையும் காப்பாற்றுங்கள் என்று கேட்கவில்லை. கைவிட்டதைக் கைவிட்டோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சொல்லத் தெரிந்தவர்களும் உங்களில் உண்டு. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' இரண்டாம் பாகமான டாகர்ஃபால் 1996-இல் ஆறேழு கதைமுடிவுகளோடு வந்தது. எந்த முடிவு நிஜம் என்ற கேள்விக்கு, எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தன, காலமே கிழிந்துபோயிற்று என்று பதில் எழுதினார்கள். கதை நடக்கும் இலியாக் விரிகுடாவின் 44 சிற்றரசுகள் நாலாகச் சுருங்கின. அதைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று நான்காம் பாகமான ஆப்ளிவியனில் அலமாரியில் கிடக்கும். சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏற்காட்டு மலையில் ஒரே கோயிலுக்கு ஊருக்கொரு கதை சொல்லக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மூன்றாம் பாகமான மாரோவிண்டின் நாயகன் எங்கே என்றால், அகாவிர் என்ற தூரக் கண்டத்துக்குப் போய்விட்டாராம் என்று ஆப்ளிவியனில் ஒரு வதந்தி. ஒரே வரிதான். அதுவும் பதில்தானே.

கதைக்குள் காலம் தாண்டினாலும் இதே கணக்குதான். ஆப்ளிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவே 200 ஆண்டுகள். மனிதருக்கு அது எட்டுத் தலைமுறை. எல்ஃபுக்கு ஓர் ஆயுள். ஆகவே நேரில் கண்ட சாட்சி உயிரோடு இருப்பான். மாரோவிண்டில் பார்த்த எல்ஃப் மந்திரவாதி நெலோத், ஸ்கைரிமுக்கு 2012-இல் வந்த டிராகன்பார்ன் டிஎல்சியிலும் (கூடுதல் தொகுப்பிலும்) அதே சிடுசிடுப்போடு உட்கார்ந்திருக்கிறார். 2003-இல் மாரோவிண்டின் கூடுதல் தொகுப்பான பிளட்மூனில் நாம் கூடநின்று எழுப்பிய ரேவன் ராக் சுரங்க ஊர், டிராகன்பார்னில் சாம்பல் படிந்து, சுரங்கம் மூடி, டன்மர் எனும் எல்ஃப்களின் கைக்குப் போய்க் கிடக்கிறது. நம் உழைப்பு வீணானது வலிக்கும். ஆனால் ஏன் வீணானது என்று ஊரே சொல்கிறது. மாறாக 'செல்டா' தொடரின் 2017 ஆட்டத்துக்கும் 2023 ஆட்டத்துக்கும் நடுவே கதைக்குள் போனது சில ஆண்டுகளே. 120 ஷீக்கா ஆலயங்கள், நான்கு தெய்வ விலங்குகள், காவல் இயந்திரங்கள் ஏறக்குறைய எல்லாம் காணோம். எங்கே போயின என்று ஆட்டத்துக்குள் வாய் திறக்க ஓர் ஆள் இல்லை.

மேட்டூர் அணை 1934-இல் எழுந்தபோது ஊர்களே மூழ்கின. இன்றும் நீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். கீழே ஓர் ஊர் இருந்தது என்பதை அணை மறைப்பதில்லை. நீங்கள் நந்தியையும் பெயர்த்து எடுத்துவிடுகிறீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பீர்கள். ஸ்கைரிமை 2011, 2016, 2017, 2021 என்று திரும்பத் திரும்ப விற்க நேரம் இருந்தது. 2018-இல் அலெக்சாவோடு வாய்ப்பேச்சில் ஆடும் ஸ்கைரிம்கூட வந்தது. நகைச்சுவையாகத்தான் விட்டார்கள், சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு ஆன நேரத்தில் நாங்கள் கேட்கும் பக்கத்தை எழுதி முடித்திருக்கலாம்.

மன்னிக்கவும், சூடாகிவிட்டோம்.

அந்தப் பக்கத்தில் முதல் வரியாக ஸ்கைரிம் உள்நாட்டுப் போரில் வென்றது பேரரசா, கிளர்ச்சித் தலைவர் உல்ஃப்ரிக்கா, அல்லது இரண்டும் செல்லாதா என்று எழுதுங்கள். அடுத்து, பெயர் சொல்லிக் கைவிடும் முடிவுகள். பதில் சொல்ல விரும்பாததை ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு முரண்பட்ட புத்தகங்களாக வையுங்கள். அதற்குக் குரல் பதிவுச் செலவுகூடக் கிடையாது. பழைய சேவ் ஃபைல் வேண்டாம், சர்வர் வேண்டாம், தொடக்கத்தில் பத்துக் கேள்விகள் போதும். அவற்றில் ஒன்று கிணற்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

தயைகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய சேவ் ஃபைல்களை இன்னும் அழிக்காத சேலத்து விளையாட்டாளர்கள்