நாலரை மணிக்கு அடுப்படியில் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் பாக்கெட் தீனிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று உங்கள் கடிதப் பகுதியில் அடிக்கடி எழுதுகிறார்கள், கடைசியில் பழி அம்மாக்கள் தலையில்தான் விழுகிறது. நான் கேட்பது ஒன்றுதான். சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளை பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "திங்க என்ன இருக்கு?" என்று அடுப்படிக்குள் வரும்போது அங்கே என்ன இருக்கிறது? மத்தியானம் சாப்பிட்டது எப்போதோ செரித்திருக்கும், அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறதோ அதைத்தான் தின்னும். அப்போது போய்ப் பயறு ஊறப்போட முடியாது. முந்தின ராத்திரியே அந்த நாலரை மணியை நினைக்க வேண்டும், அதை அம்மாதான் நினைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, அப்பாவுக்கும் பயறு ஊறப்போடத் தெரியும்.

படுக்கும் முன் ஒரு டம்ளர் பாசிப்பயறை ஊறப்போட்டு, காலையில் இட்லி வேகும்போதே இன்னொரு அடுப்பில் குக்கரில் ஒரு விசில் விட்டு, தண்ணீரை ஒட்ட வடித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் சாயங்காலம் தாளிக்கிற வேலை மட்டும்தான். கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவல். மாங்காய் கிடைக்கிற காலத்தில் பொடியாக நறுக்கிப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், சுண்டல் வேண்டாம் என்கிற பிள்ளையும் தட்டை வழிக்கும். ஞாயிற்றுக்கிழமை பொட்டுக்கடலையை மிக்ஸியில் நைசாக அரைத்து, நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, சூடான நெய் விட்டு உருண்டை பிடித்தால் ஒரு வாரத்துக்கு சம்படத்தில் இருக்கும், பாகுப் பதம் பார்க்கிற கவலையே கிடையாது. அதற்கும் நேரமில்லையா, சரி, வேர்க்கடலையை உப்புப் போட்டு அவியுங்கள். தை மாதம் பனங்கிழங்கு இருக்கிறது, மற்ற நாளில் சீனிக்கிழங்கு.

வீட்டில் செய்தாலே நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. பூரி சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து, அதிலேயே அப்பளம், அப்புறம் பஜ்ஜி என்று கறுக்கிற வரை காய்ச்சுவது பல வீடுகளில் நடக்கிறது. வெல்லம்தானே என்று அள்ளிப் போடுவதும் அப்படித்தான், அதுவும் சர்க்கரைதான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள்ளும் இருக்கட்டும் என்கிறது. நம் கையால் போடும்போது எவ்வளவு போடுகிறோம் என்பது நமக்குத் தெரியும். பாக்கெட்டில் அது பின்பக்கம், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி, ஆகவே முதல் மூன்று பெயரை மட்டும் படித்தாலே போதும். மாவு, பாமாயில், சர்க்கரை என்று ஆரம்பித்தால் முன்பக்கத்தில் எந்தக் காய்கறிப் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான்.

பள்ளிக்கூட வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே சரம் சரமாகத் தொங்குகிறது, யாரும் வந்து கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டிக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், எது வாங்கப்படுகிறதோ அதைத்தானே அவர் தொங்கவிடுவார். அதே கடையில் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் பொரி உருண்டையும் கண்ணில் படும்படி முன்னால் இருக்கட்டும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய், நம் பிள்ளைகளுக்குக் கடைக்கோடி பாட்டிலில் ஒளிந்து கிடப்பது எனக்குத் தாங்கவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வார இணைப்பின் சமையல் பக்கத்தில் சீஸ், மயோனைஸ், பேக்கிங் பவுடர் என்று பதினைந்து சாமான் கேட்கும் பண்டங்கள்தான் அதிகம் வருகின்றன. மளிகை டப்பாவில் ஏற்கெனவே இருப்பதை வைத்து, எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல், வேலைக்குப் போகிற வீட்டிலும் செய்ய முடிகிற ஒரு சாயங்காலப் பண்டத்தை வாரம் ஒன்றாவது போடுங்கள். வாசகர்களிடம் கேட்டாலே வந்து குவியும், நானே எழுதி அனுப்பத் தயார்.

– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்