அக்காவின் வீடு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களின் சொத்துரிமை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், மகளுக்குச் சமபங்கு என்பதோடு அந்தக் கட்டுரை முடிந்துவிட்டது. பிள்ளையில்லாத பெண் இறந்தால் அவள் சொத்து எங்கே போகும் என்று ஒரு வரிகூட இல்லை.

என் அக்கா திருமணமான இரண்டாம் ஆண்டிலேயே கணவரை இழந்தவள். குழந்தை இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்து, தன் சம்பளத்தில் ஒரு வீடு வாங்கினாள். அம்மா அவளுடன்தான் இருந்தார். போன ஆண்டு அக்கா திடீரென்று இறந்துவிட்டாள். உயில் எழுதவில்லை. அந்த வீட்டுப் படியை ஒருமுறைகூட மிதிக்காத கொழுந்தனுக்கு வீடு போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு: பெண்ணின் சொத்துக்கு முதலில் கணவரும் பிள்ளைகளும், அடுத்து கணவரின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் பெற்ற தாயும் தந்தையும். பெற்றோர் வழியில் வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு. அதனால் அப்பாவின் நிலத்தில் அக்காவுக்கு வந்த பங்கு எங்களிடம் திரும்பியது. அவள் உழைத்துச் சேர்த்ததுதான் போயிற்று. இதுவே ஓர் ஆண் என்றால், அவனுடைய மாமனார் வீட்டார் வாரிசுப் பட்டியலின் எந்த மூலையிலும் இல்லை!

வங்கி வைப்புத்தொகைக்கு நான்தான் நாமினி. பணம் என் கைக்கு வந்தது, எனக்குச் சொந்தமாகவில்லை. நாமினி என்பவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே என்பது அறுபத்து நான்கு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. 'நாமினி போட்டாயிற்று, இனி என்ன' என்றுதான் அக்காவும் நிம்மதியாக இருந்தாள்.

இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லி 2008இலேயே சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு, புகுந்த வீட்டார் துரத்திவிட்ட ஒரு விதவையின் சுயசம்பாத்தியம் அவள் கணவருடைய சகோதரியின் மகன்களுக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதாம்.

தனியாக வாழும் பெண்களுக்காக இதையும் விரிவாக எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளும் போதும். நான் எழுதிவிட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு அம்மாள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?" என்று இரண்டு முறை கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியை ஒருவர்