இடிக்கும் முன் ஒரு அளவு எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பக்கம் பழைய மிராசு வீடுகள், அதாவது நிலக்காரர் வீடுகள், இடிபடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தச்சு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். போயிருந்தபோது சிசெஸ்டர் பக்கத்தில் சிங்கிள்டன் என்ற ஊரில் இருக்கும் வீடுகள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே 'பேலீஃப்' என்று ஒரு பண்ணை வீடு. கென்ட் மாவட்டத்துக் குடியானவர் வீடு. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, பழைய பகுதி 1405-க்கும் 1430-க்கும் இடையில் கட்டியது என்கிறார்கள். ஒரு கோடியில் இருக்கும் மாடி அறை 1500-க்கு அப்புறம் சேர்த்தது.

எல்லாம் ஓக் மரம். சட்டங்களுக்கு நடுவே படல் வைத்து, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பிய சுவர். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, அந்தக் குளிரில்! புகைபோக்கியும் இல்லை. கூடத்து நடுத்தரையில் நெருப்பு. புகை ஓட்டு இடுக்கு வழியே போக வேண்டியதுதான். கூரையைத் தாங்கும் கைமரமெல்லாம் கரி ஏறியிருக்கிறது. நம் வீட்டில் முற்றம் இருக்கிற இடத்தில் அவர்கள் நெருப்பை வைத்திருக்கிறார்கள்.

என் கண் பொருத்து மேலேயே இருந்தது. ஒரு சட்டத்தின் துளையில் இன்னொரு சட்டத்தின் கழுந்தை, அதாவது செதுக்கிய நுனியை, இறக்கிக் குறுக்கே மர ஆணி. அந்தக் காலத்து ஓக் வீடுகளில் இரண்டு சட்டத்திலும் ஆணிக்குப் போடும் ஓட்டைகளை நேருக்கு நேர் போடாமல் ஒரு நூல் அளவு தள்ளிப் போடுவார்களாம். ஆணி இறங்க இறங்க மூட்டு இறுகும். எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று ரோமன் எண் மாதிரி உளிக் கீறலும் உண்டு. கூரை ஏற்றும்போது நாங்கள் கோடு போட்டு வைப்பதில்லையா, அதேதான்.

1960-களின் கடைசியில் பௌ பீச் என்ற இடத்தில் நீர்த்தேக்கம் கட்டியபோது இந்த வீடு தண்ணீருக்குள் போக இருந்தது. சட்டம் சட்டமாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

நம்மூரிலும் பிரிக்கத்தான் செய்கிறோம். பர்மா தேக்குத் தூணும் வாசல் நிலையும் லாரி ஏறி எங்கோ ஒரு ரிசார்ட்டுக்குப் போகின்றன. வாசலை அடுத்த ரேழி எத்தனை அடி, தாழ்வாரம் எப்படி வளைந்தது என்று ஒரு காகிதத்திலும் இருக்காது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடு ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எல்லா வீட்டையும் அப்படி எடுத்துப்போக முடியுமா?

வீட்டுக்காரர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் ஓடு மாற்ற எவரால் முடியும், பிள்ளைகளும் ஊரில் இல்லை. சரி, இடிக்கட்டும். புது வீட்டுக்குப் பிளான் அனுமதி கேட்டு வரும்போது, பழைய வீட்டின் அளவுப் படமும் நாலு போட்டோவும் வாங்கி ஊராட்சியில் வைத்தால் என்ன? பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அது நல்ல பயிற்சி. பொருத்துகளை நான் பிரித்துக் காட்டுகிறேன். கூலி வேண்டாம், ஏணி பிடிக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தச்சர்,
திருவிடைமருதூர்.