அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டிலும் பிள்ளைகள் பரிசுகளை வாங்கிக் குவித்தார்கள். குறுவட்டப் போட்டியில் கபடி அணி இறுதிச் சுற்றுவரை போய் வந்தது. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

ஒன்பதாம் வகுப்பின் புவியியல் களப்பயணத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், காரணத்தோடுதான். பரங்கிமலைக்குப் போனார்கள். 1802 ஏப்ரலில் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாகத் தரையிலேயே அளக்கும் முதல் அடிக்கோட்டைப் போட்டது அந்த மலையடிவாரத்தில்தான். ஏறத்தாழ 12 கி.மீ. தூரத்தை எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயில் ஏறினால் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆசிரியரின் துணையோடு நம் பள்ளியின் இரண்டு கேட்டுகளும் இருக்கும் இடத்தை அளந்துவிட்டார்கள்.

அதில் தெரிந்ததைத்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. கைப்பேசி மேப்பில் பள்ளியின் பெயரைத் தட்டினால் குறி பின்பக்கச் சந்தில் விழுகிறது. குறிக்கு எந்தச் சாலை பக்கமோ அங்கே கொண்டுவந்து நிறுத்துவதுதான் மேப்பின் வேலை. அங்கே கேட் திறக்குமா, வண்டி திரும்ப இடமுண்டா என்பது அதற்குத் தெரியாது. டிகிரியில் சொல்லும் அட்சக்கோட்டு அளவில் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினாலே இடம் சுமார் 111 மீட்டர் தள்ளிப்போய்விடும். நம் பள்ளிக்கு அவ்வளவு போதும், முன்கேட்டுக்கு வர வேண்டியவர் பின்சந்தில் நிற்பார்.

பெற்றோர் சிலர் நல்லெண்ணத்தில் குறியைத் திருத்தப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் சந்திலேயே நின்று திருத்தினார். இன்னொருவர் ‘பிக்கப் பாயின்ட்’ என்று புதிதாக ஒரு இடத்தையே சேர்த்துவிட்டார். திறந்த வெளியில் ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். சந்தில் அப்படியில்லை. ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை இருபுறச் சுவர்களிலும் மோதித் திரும்புவதால், பக்கத்துப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் கருவிகளே ஆளுக்கொரு இடத்தைக் காட்டின. ஒன்று தையல் கடைக்குள் காட்டியது! ஆகவே, அருள்கூர்ந்து இனி யாரும் திருத்தம் அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் வெட்டவெளியில் நின்று பலமுறை எடுத்த அளவுகளைப் பள்ளியே அனுப்பியிருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பள்ளி எல்லையையும் முன்கேட்டையும் அவர்களே வரைந்தும் விட்டார்கள்.

குறி சரியாகும்வரை மாலை நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கவலை. பின்கேட் சமையலறைச் சாமான் வண்டிக்கும் அவசர வெளியேற்றத்துக்கும் மட்டுமே. மூன்றரை மணிக்கு அங்கே கார் ஒன்றின் பின் ஒன்றாக நின்றுவிட்டால் ஆட்டோகூட நுழைய முடிவதில்லை. மேப்பில் சந்து சிவப்பாகத் தெரிகிறது என்று சிலர் அலுத்துக்கொள்கிறீர்கள். அந்தச் சிவப்பு, அங்கே நகராமல் நிற்கும் நம் கைப்பேசிகளிலிருந்தே போகிறது. சிவப்பைப் பார்த்து மற்ற வண்டிகள் அடுத்த தெருவுக்குத் திரும்புகின்றன. அதுவும் இதைவிட அகலமில்லை.

சந்தின் கடைசி வீட்டு அம்மா வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போகிறவர். சென்ற வாரம் அவருடைய ஆட்டோ நம் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவருடைய மகன் என் அறைக்கு வந்து பேசியபோது பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

எனவே இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பின்கேட் யாருக்காகவும் திறக்கப்படாது. உங்கள் லொகேஷனை அனுப்பிப் பிள்ளையைச் சுவர்ப்பக்கம் வரச் சொல்லாதீர்கள். ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் சுவரேறிக் குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். ‘மேப் இங்கேதான் காட்டுகிறது’ என்று கைப்பேசியை நீட்டிக் காவலாளியிடம் குரலை உயர்த்துவதை இனி ஏற்க முடியாது. வயதில் நம் எல்லோருக்கும் மூத்தவர் அவர். மீண்டும் நடந்தால் சம்பந்தப்பட்ட பெற்றோரை நான் நேரில் அழைத்துப் பேச வேண்டிவரும்.

உங்களுக்கும் சிரமங்கள் இருக்கின்றன என்பது தெரியாமலில்லை. அலுவலகத்திலிருந்து அரக்கப்பரக்க ஓடிவருகிறீர்கள், பலர் தாத்தா பாட்டியையோ புது ஓட்டுநரையோ அனுப்புகிறீர்கள். அவர்களுக்கு மேப்தான் வழி. அவர்களுக்காக, 2025-இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் என்ற டிஜிட்டல் முகவரி எண்ணைப் பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டித் தருகிறோம். சுமார் நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறியீடு என்பதால் இரண்டு கேட்டுக்கும் எண் வேறு வேறு. முன்கேட்டின் எண்ணை மட்டுமே தருவோம்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒன்று முதல் ஐந்து வரை மூன்றரைக்கும், மற்றவர்களை மூன்றே முக்காலுக்கும் முன்கேட்டில் விடுவோம். மழை நாளில் கலையரங்க வாசலுக்கு வாருங்கள். கொஞ்சம் பிந்தினாலும் பிள்ளையுடன் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும்.

வண்டியைப் பெரிய சாலையில் விட்டு நடந்தே வந்து பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி. மழையிலும் அந்தப் பழக்கத்தை நீங்கள் விடவில்லை. அனைவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்