சுகாதாரம் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நிறைவேற்று ஜனாதிபதி முறை, தேர்தல் முறை, அதிகாரப் பகிர்வு ஆகிய மூன்றையும் சுற்றியே தங்கள் பத்திரிகையின் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் அமைகின்றன. அவை முக்கியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கொழும்பு வடக்கில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றியவன் என்ற வகையில், அந்தப் பேச்சில் அரிதாகவே இடம்பெறும் ஒரு விடயத்தை முன்வைக்க விரும்புகிறேன். நோயுற்றால் சிகிச்சை பெறுவது பிரசையின் உரிமை என்று நமது அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. பிரேசிலின் அரசியலமைப்பு சொல்கிறது. அதைச் சொல்லவைத்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் செர்ஜியோ அரோக்கா என்ற வைத்தியர். அவருடைய வாழ்க்கை நம்மவர்களுக்கு அதிகம் தெரியாதது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரோக்கா 1941இல் சாவோ பாவுலோ மாநிலத்தின் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரில் பிறந்து, அங்கேயே மருத்துவம் கற்றவர். இளமையிலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரான ஆண்டுகளில் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் நோய்த்தடுப்பு மருத்துவம் கற்பித்தார். 1975இல் அவர் எழுதி முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, தாம் கற்பித்த அந்தத் துறையையே கேள்விக்கு உட்படுத்தியது. நோயைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு தனிமனிதரின் பழக்கவழக்கங்களை மட்டும் திருத்த முனைகிற மருத்துவம், அந்த மனிதர் எத்தகைய வீட்டில் குடியிருக்கிறார், என்ன தொழில் செய்கிறார், அவருடைய நோய்க்கு அந்த வாழ்க்கை எவ்வளவு காரணம் என்பவற்றைக் கேளாமல் விட்டுவிடுகிறது என்பதே அதன் சாரம்.

இதை நான் புத்தகத்தில் அறிவதற்கு முன்பே ஒரு தோட்டத்தில் அறிந்துகொண்டேன். கொழும்புத் தோட்டம் என்றால் தேயிலை அல்ல, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் என்பது தங்கள் வாசகர்களுக்குத் தெரியும். நாற்பது குடும்பங்களுக்கு இரண்டு குழாய்கள் இருந்தன. அவற்றிலும் இரவில்தான் தண்ணீர் வரும். ஆகவே எல்லா வீட்டு வாசலிலும் பீப்பாய்கள் இருந்தன, பீப்பாய்களில் நுளம்புக் குடம்பிகள் இருந்தன. டெங்கு பரவிய அந்த மாதத்தில் சட்டப்படி எனது கடமையைச் செய்தேன்: குடம்பி கண்ட வீடுகள்மீது வழக்கு எழுதினேன். கடைசி வீட்டில் ஒரு தாய், கையில் குழந்தையுடன், "பகல்ல குழாயில தண்ணி வந்தா நாங்க ஏன் சேர் பீப்பாயில பிடிச்சு வைக்கிறோம்?" என்று கேட்டார். வழக்குப் பத்திரத்தில் அவருடைய பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மீது வழக்கு எழுத எனக்கு அதிகாரம் தரும் ஒரு வாசகமும் எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை.

அக்காலப் பிரேசிலில் நிலைமை இதைவிடக் கடுமையானது. பதிவுபெற்ற தொழில் பார்த்து, சம்பளத்திலிருந்து சமூகக் காப்புறுதிப் பணம் கட்டியவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்குமே அந்தக் காப்புறுதியின் வைத்தியசாலைகள் திறந்திருந்தன. கூலி விவசாயிகள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், நடைபாதை வியாபாரிகள் ஆகியோர் தர்ம வைத்தியசாலைகளில் கதியற்றவர்கள் என்ற பிரிவில் அனுமதிக்கப்பட்டார்கள். அரச வைத்தியசாலையில் துண்டு எடுத்து வரிசையில் நிற்பதற்குப் பணமோ தொழில் அத்தாட்சியோ தேவையில்லை என்ற நிலையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதைக் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

1985இல் இராணுவ ஆட்சி முடிவுற்றபோது, ரியோ டி ஜெனிரோவிலுள்ள ஒஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தின் தலைவராக அரோக்கா பொறுப்பேற்றார். மஞ்சள் காய்ச்சலையும் கொள்ளைநோயையும் எதிர்த்துப் போராடிய பழைமையான நிறுவனம் அது. 1970இல் அங்கு பணியாற்றிய 10 விஞ்ஞானிகளின் அரசியல் உரிமைகளைப் பறித்து, அவர்களைக் கட்டாய ஓய்வில் அனுப்பியிருந்தது இராணுவ அரசு. அந்தப் பதின்மரும் 1986இல் மீண்டும் அழைக்கப்பட்டுப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். ஆராய்ச்சி நிறுவனமொன்றின் தலைவர் செய்யக்கூடிய செயல்களுள் இதைவிடக் கௌரவமானதொன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதே ஆண்டு மார்ச் மாதம் பிரேசிலியாவில் கூடிய எட்டாவது தேசிய சுகாதார மாநாடே அவருடைய வாழ்வின் உச்சம் என்பேன். அதற்கு முந்திய ஏழு மாநாடுகளும் அமைச்சு அதிகாரிகளும் நிபுணர்களும் தமக்குள் பேசிக் கலைந்தவை. அரோக்கா தலைமை தாங்கிய எட்டாவது மாநாட்டின் கதவுகள் முதன்முறையாகத் தொழிற்சங்கங்களுக்கும், குடியிருப்பாளர் சங்கங்களுக்கும், சாதாரண நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கும் திறந்துவிடப்பட்டன. 4,000க்கும் மேற்பட்டோர் ஐந்து நாட்கள் கூடியிருந்து விவாதித்தார்கள். "ஜனநாயகமே சுகாதாரம்" என்பது அங்கு அவர் ஆற்றிய உரையின் தலைப்பு. நோயில்லாதிருப்பது மட்டும் சுகாதாரமாகிவிடாது. வீடு, வேலை, கல்வி, குடிநீர், அச்சமின்றிக் கருத்துச் சொல்லும் சுதந்திரம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அது என்று அவர் வாதிட்டார். இருபது வருடங்களுக்கு மேலாகப் பேசவே அஞ்சியிருந்த ஒரு நாட்டில், அச்சமின்மையையும் சுகாதாரத்தின் பட்டியலில் ஒரு வைத்தியர் சேர்த்தது வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

மாநாட்டின் தீர்மானங்கள் அலுமாரிக்குள் போய்விடவில்லை. அரசியலமைப்பு நிர்ணய சபைக்கு மக்கள் கையொப்பமிட்டுத் திருத்தங்களை முன்வைக்க இடமிருந்ததால், சுகாதாரம் பற்றிய மக்கள் திருத்தமொன்று தயாரிக்கப்பட்டு, சபையின் முன் அதை ஆதரித்து வாதிடும் பொறுப்பு அரோக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1988 ஒக்டோபர் 5ஆம் திகதி பிரகடனப்படுத்தப்பட்ட அரசியலமைப்பின் 196ஆம் உறுப்புரை, சுகாதாரம் அனைவரினதும் உரிமை, அரசின் கடமை என்று தொடங்குகிறது. அதன் அடிப்படையில் 1990இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, 'சுஸ்' என்று அந்நாட்டு மக்கள் சுருக்கமாக அழைக்கும் ஒன்றிணைந்த சுகாதார முறைமையை வகுத்தது. மற்றையது, மாநகர மட்டத்திலிருந்து தேசிய மட்டம் வரை சுகாதார சபைகளை அமைக்கும்படியும், அவற்றில் சேவை பெறும் மக்களின் பிரதிநிதிகள் பாதிப்பேராக இருக்கும்படியும் விதித்தது. சபை அமைக்காத மாநகரத்துக்கு மத்திய அரசின் சுகாதார நிதி கிடையாது. இன்று அங்குள்ள 5,500க்கும் அதிகமான மாநகர நிர்வாகங்களில் இத்தகைய சபைகள் இயங்குகின்றன.

அரோக்காவின் தேர்தல் அரசியலைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு அதிகமில்லை. 1989 ஜனாதிபதித் தேர்தலில் ரொபேர்ட்டோ பிரெயிரேயுடன் உப ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது அவர்களுக்கு நூற்றுக்கு ஒரு வாக்களவே கிடைத்தது. பின்னர் ரியோவிலிருந்து சமஷ்டி நாடாளுமன்றத்துக்கு இருமுறை தெரிவானார். 2001இல் ரியோ மாநகரின் சுகாதாரச் செயலாளராகவும் இருந்தார். 2003இல் புதிய அரசாங்கத்தின் சுகாதார அமைச்சில் மக்கள் பங்கேற்புக்கான செயலகத்தைப் பொறுப்பேற்று, பன்னிரண்டாவது மாநாட்டைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்த வேளையில், ஓகஸ்ட் 2ஆம் திகதி, 61ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். டிசம்பரில் அந்த மாநாடு அவருடைய பெயரிலேயே நடைபெற்றது.

எழுத்தில் உரிமை வந்ததும் பிரேசிலில் எல்லாம் சீராகிவிட்டது என்று நான் கூறவில்லை. அடிப் ஜட்டேனே என்ற புகழ்பெற்ற இருதய சத்திரசிகிச்சை நிபுணர் 1995இல் சுகாதார அமைச்சரானபோது, உரிமையை நிறைவேற்றப் பணமில்லை என்பதைக் கண்டு, வங்கிக் கொடுக்கல் வாங்கல்கள்மீது ஒரு சிறு வரியைக் கொண்டுவரக் கடுமையாக உழைத்தார். வரி வந்தது, ஆனால் அது வந்த வேகத்திலேயே சுகாதாரத்துக்குக் கிடைத்துவந்த வேறு ஒதுக்கீடுகள் குறைக்கப்பட்டன. 1996 நவம்பரில் அவர் பதவி விலகினார். 2016இல் மத்திய அரசின் செலவினத்துக்கு 20 வருட உச்சவரம்பு விதித்த திருத்தமும் சுஸ் முறைமையை வருத்தியது. 2023இல்தான் அது மாற்றப்பட்டது. 196ஆம் உறுப்புரையைக் காட்டி விலையுயர்ந்த மருந்துகளுக்காக நீதிமன்றம் செல்வோரில் சட்டத்தரணியை அமர்த்த வசதியுள்ளோர் முந்திக்கொள்கிறார்கள் என்ற விமர்சனமும் நியாயமானதே. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கு அரசாங்கம் பின்வாங்கும்போது மக்கள் சுட்டிக்காட்டுவதற்கு ஓர் உறுப்புரை இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பல விடயங்களில் நாம் அவர்களுக்கு முன்னே நின்றவர்கள். களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் ஆரம்பிக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர், பிரேசில் தனது சமூக சுகாதார முகவர்களை நியமிப்பதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே நமது கிராமங்களில் நடந்து திரிந்தார். 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் இவை அனைத்தும் கொள்கையாகவும் வழக்கமாகவும் வந்தவை. அரசாங்கம் தந்தது, அரசாங்கம் எடுக்கலாம். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியபோதும், 1977இல் அதை நிறுத்தியபோதும் எவரும் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1978 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையிலுள்ள வழிகாட்டிக் கோட்பாடுகளில் போதுமான வாழ்க்கைத் தரம் பற்றிய பகுதி உணவையும் உடையையும் வீட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது, மருத்துவத்தைக் குறிக்கவில்லை. அந்தக் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைத்தும் விடுகிறது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எனது தங்கை மாதாந்தக் கிளினிக்குக்குச் சென்றார். இருபது வருடங்களாக அவர் மருந்து எடுத்துவந்த அரச வைத்தியசாலை அது. கொப்பியில் எழுதியிருந்த ஐந்து மருந்துகளில் இரண்டுதான் கிடைத்தன. மற்ற மூன்றையும் வெளியில் வாங்கும்படி ஒரு துண்டு கொடுத்தார்கள். துண்டு எழுதிய இளம் வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டே எழுதினார் என்று தங்கை சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மருந்துக் கடையில் விலையைக் கேட்டுவிட்டு, பத்து நாளைக்கு மட்டும் வாங்கி, இரத்த அழுத்தக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் என நான்கு மாதங்கள் எடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்கும் எனக்கும் அதைச் சொல்லவில்லை. "இல்லாததைக் கேட்டு என்ன செய்றது, அண்ணா" என்றார் பின்னர். இருப்பதைத் தரும்போது நன்றியும் இல்லாதபோது மௌனமுமாகவே நமது மக்கள் பழகியிருக்கிறார்கள். சுகாதாரத்தை உரிமை என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். எந்த அரசியலமைப்பு வரைபு வந்தாலும், சுகாதாரம் வழிகாட்டிக் கோட்பாடுகளில் அல்லாமல் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில், உயர் நீதிமன்றத்தில் வலியுறுத்தக்கூடியதாக எழுதப்பட வேண்டும். அத்துடன், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஒவ்வொன்றிலும் மக்கள் பாதிப்பேராக அமரும் சபையொன்று சட்டத்தால் அமைக்கப்பட வேண்டும். வைத்தியசாலைகளில் அபிவிருத்திக் குழுக்கள் இப்போதும் உண்டு. நான் கண்டவரையில் கட்டில் வாங்கவும் சுவருக்கு வர்ணம் பூசவும் நிதி சேர்ப்பதுடன் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. நான் கேட்பது, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேட்கவும், அடுத்த மாத மருந்துக் கையிருப்பைப் பார்க்கவும் அதிகாரமுள்ள சபை. கொழும்பில் அத்தகைய சபை தமிழிலும் நடக்க வேண்டும். தனது கொப்பியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதை வாசிக்க இயலாத ஒரு மூதாட்டியும் அங்கு எழுந்து நின்று பேசக்கூடியதாக இருக்க வேண்டும்.

மக்கள் கருத்து அடுத்த முறை கோரப்படும்போது இவ்விரண்டு கோரிக்கைகளையும் எழுதி அனுப்பும்படி தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத உதவி தேவைப்படும் அயலவர்களுக்காக, ஓய்வுபெற்ற சக உத்தியோகத்தர்கள் சிலரும் நானும் ஞாயிறு காலைகளில் நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.